பொட்டு வைக்காத ராடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு காத்து கருப்பு இதிலெல்லாம் எனக்கு எந்தக் காலத்திலும் நம்பிக்கை இருந்ததில்லை. கோழிப்பண்ணையில் வருஷக்கணக்காகத் தனியாகக் காவலுக்குப் படுத்தவன் நான். பாம்புக்குப் பயப்படுவேன். கோடையில் தண்ணீர் தெளிக்கிற மோட்டார் நின்றுபோனால் பயப்படுவேன், கோழி கொத்துக் கொத்தாகச் செத்துவிடும். மற்றபடி எங்கள் அம்மா திருஷ்டி கழிக்க வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து ஜூஸ் போட்டுக் குடித்துவிட்டு அடி வாங்கியவன். அதனால் இதைச் சொல்வதே எனக்குப் பிடிக்கவில்லை, நீங்கள் விடாமல் கேட்டதால் சொல்கிறேன், பாதியில் சிரித்தீர்கள் என்றால் எழுந்து போய்விடுவேன்.

எங்கள் நாமக்கல்லில் பாடி பில்டிங் எங்கே என்று கேட்டால் லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறைக்குத்தான் வழி சொல்வார்கள். நான் சொல்வது மற்றது. லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மேலே மாடியில் எங்கள் ஜிம். ஏசி கிடையாது, ஓடுகிற மெஷின் கிடையாது, தொப்பை குறைக்க வருகிறவர்களை மாஸ்டரே வேறு இடம் பார்க்கச் சொல்லி அனுப்பிவிடுவார். ஆணழகன் போட்டிக்குப் போகிறவர்களுக்கான இடம் அது, இரும்பும் கண்ணாடியும் வியர்வை நாற்றமும்தான் இருக்கும். முட்டைக்குப் பஞ்சமில்லாத ஊர் இல்லையா, டிரே டிரேயாக வெள்ளைக்கருவை மட்டும் விழுங்குவார்கள், மிச்ச மஞ்சள் கருவை என்ன செய்வது என்று வீட்டுப் பெண்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். நான் முட்டை லோடு அனுப்புகிற ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு, காலையும் மாலையும் ஜிம்மைத் திறந்து மூடுகிறவன். சாவி என்னிடம்தான் இருக்கும்.

என் இடது கை மோதிர விரலில் பாதி இல்லை. லாரியின் பின்கதவு அடித்து நசுங்கிப் போனது. ஜிம்மில் என் பெயரையே மறந்துவிட்டு 'ஒன்பதரை' என்றுதான் கூப்பிடுவார்கள். போட்டிக்குப் போகிற உடம்பு எனக்கு இல்லை, ஆனால் சப்போர்ட் கொடுக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெஞ்சில் மல்லாக்கப் படுத்து, இரண்டு பக்கமும் வெயிட் பிளேட் மாட்டிய பாரைத் தலைமாட்டுக் கொக்கியிலிருந்து எடுத்து, நெஞ்சுவரை இறக்கி மேலே தள்ள வேண்டும். தள்ளும்போது கை செத்துவிட்டால் பார் கழுத்தில் உட்கார்ந்துவிடும், எழவும் முடியாது, கத்தவும் முடியாது. அதனால் பெரிய வெயிட் என்றால் பாரின் இரண்டு முனையிலும் ஆளுக்கு ஒருவர் நிற்க வேண்டும். தனியாகப் பெரிய வெயிட் தூக்குகிறவனைக் கண்டால் மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிடுவார்.

இப்போது செங்கோடனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தங்கை சுமதியின் வீட்டுக்காரன் அவன். சேந்தமங்கலம் போகிற வழியில் தோட்டமும் ஒரு கோழிப்பண்ணையும் வைத்திருக்கிறான். நான்தான் அவனை ஜிம்முக்கு இழுத்து வந்தேன், வந்தவன் என்னைத் தாண்டி எங்கேயோ போய்விட்டான். அந்த வருஷம் சேலத்தில் நடக்கிற போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தான். போட்டி நெருங்க நெருங்க உப்பைக் குறைத்து, தண்ணீரைக் குறைத்து, தோல் நரம்போடு ஒட்டிப்போக வேண்டும் என்று ஒரு கணக்கு இவர்களுக்கு. நாக்கு வறண்டு, கண் உள்ளே போய், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவான். சுமதி அப்போது மாசமாக இருந்தாள். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, நாஞ் சொன்னா அவுரு கேக்க மாட்டாருங்க. நீங்க பக்கத்துல இருந்தாத்தான் எனக்கு வெசனமில்லாம இருக்குது" என்றாள். "நான் இல்லாம அவன் ஒரு கம்பியக்கூடத் தொடமாட்டான் கண்ணு, நீ கம்முனு இரு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செங்கோடனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாரைத் தூக்குவதற்கு முன்னால் கல்யாண மோதிரத்தால் அதை இரண்டு தட்டுத் தட்டுவான். தூக்கும்போது பல்லிடுக்கில் காற்று விடுகிற மாதிரி உஸ்ஸென்று ஒரு சத்தம். கை ஓய்ந்துவிட்டால் காப்பாற்று, தூக்கு என்றெல்லாம் சொல்ல மாட்டான், "மச்சா, புடி" என்பான், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு நின்றால்கூட அவன்தான் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஆயுத பூசை வந்தது. எங்கள் ஊரில் தீபாவளியைவிட அது பெரிசு, நிற்கிற லாரி எல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளையாக நிற்கும். ஜிம்மிலும் காலையில் பூசை. எல்லா இரும்பையும் துடைத்து, பாரில், பிளேட்டில், டம்பெல்லில் ஒன்று விடாமல் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். பூசை போட்ட ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது, மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும். வருஷம் பூராவும் நம்மைத் தாங்குகிற இரும்புக்கு ஒரு நாள் ஓய்வு என்பார் மாஸ்டர்.

செங்கோடனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. அன்றைக்கு அவனுக்கு நெஞ்சுக்குப் பயிற்சி செய்கிற நாள். போட்டி பக்கத்தில் இருக்கும்போது ஒரு நாள் விட்டாலும் இவர்களுக்கு உடம்பே கரைந்து போய்விடுகிற மாதிரி ஒரு பயம்.

"மச்சா, ஷட்டரப் பாதி எறக்கிட்டு ஒரு மணி நேரம் அடிச்சுட்டுப் போயர்றேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"மாஸ்டருக்குத் தெரிஞ்சா என்ற சாவியப் புடுங்கிக்குவாரு. ஒரு நாளைக்கு ஊட்டுல படு மாப்ள."

"உனக்குத்தான் சாமி கோயில் ஒண்ணும் கெடையாதே, இதுல மட்டும் என்ன பக்தி?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்குப் பக்தி இல்லை, மாஸ்டர் மேல் பயம்தான். அவன் கோபித்துக்கொண்டு பொரியைக்கூட வாங்காமல் படியிறங்கிப் போனான். நான் எல்லாரும் போன பிறகு ஷட்டரை இறக்கி, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருந்தபோது மாஸ்டர் போன் செய்தார். சாமி படத்துக்கு முன்னால் ஏற்றிய விளக்கை அணைத்தோமா என்று அவருக்குச் சந்தேகம், பக்கத்திலேயே ரப்பர் பாய் கிடக்கிறது, ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிடு என்றார். முணுமுணுத்துக்கொண்டுதான் கிளம்பினேன். நல்ல வெயில், பட்டப் பகல், இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏதோ அர்த்த ராத்திரியில் பனைமரத்தைப் பார்த்து மிரண்ட கதை இல்லை இது. கீழே கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன, தெருவில் ஆள் இல்லை.

மாடிப்படி பாதி ஏறும்போது மேலேயிருந்து டிங் டிங் என்று இரண்டு தட்டு கேட்டது. அப்புறம் உஸ்ஸென்று ஒரு மூச்சு.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம்தான். கள்ளச்சாவி போட்டுத் திறந்து உள்ளே போய்விட்டான் என்று நினைத்து, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மிச்சப் படியையும் ஏறினேன். ஷட்டர் இறங்கியிருந்தது. பூட்டு நான் பூட்டின மாதிரியே வெளியில் தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டுக்கு மேல் காலையில் மாஸ்டர் வைத்த பொட்டுகூட அழியவில்லை. ஆனால் உள்ளே மூச்சுச் சத்தம் கேட்கிறது, பிளேட் ஒன்றோடொன்று உரசுகிறது. நான் சாவியை எடுத்தேன். உள்ளேயிருந்து ஒரு மாதிரி அடைத்த குரலில், "மச்சா, புடி" என்று கேட்டது.

நம்பினால் நம்புங்கள், சாவி பூட்டுக்குள் போகவே இல்லை. ஒருவழியாகத் திறந்து ஷட்டரை மேலே தள்ளினேன். உள்ளே யாரும் இல்லை. விளக்கு எப்போதோ அணைந்திருந்தது. சத்தமும் நின்றுவிட்டது. காலையில் பூசை முடிந்தபோது எல்லா பிளேட்டும் சுவரோரம் அடுக்கியிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன், இப்போது ஜன்னலோரப் பெஞ்சில் குறுக்கே பார் கிடக்கிறது, இரண்டு பக்கமும் செங்கோடன் போடுகிற அதே பெரிய வெயிட். பிளேட்டில் வைத்த சந்தனப் பொட்டு ஒன்றுகூடக் கலையவில்லை. பெஞ்சு ரெக்ஸினில் ஒரு ஆள் மல்லாந்து படுத்து எழுந்த மாதிரி முதுகு அகலத்துக்கு ஈரம். பார் அந்த ரெக்ஸின்மேல் படிந்து கிடந்ததா, இல்லை கழுத்துக் கனத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றதா என்று கேட்டால் சத்தியம் பண்ண முடியாது. அப்போது சரியாகப் பார்க்கவில்லை, அப்புறம் எத்தனையோ நாள் யோசித்தும் பிடிபடவில்லை.

திரும்பி ஓடிவிடத்தான் நினைத்தேன். பூசை போட்ட சாமானை எதற்குத் தொட வேண்டும், நாளைக்கு மாஸ்டரோடு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஷட்டரில் கைகூட வைத்துவிட்டேன். ஆனால் பெஞ்சில் பாரை அப்படியே விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது எங்களுக்கெல்லாம் ரத்தத்தில் ஊறினது. அதற்கு மேல் என்னை இழுத்தது அந்தக் குரல். புடி என்று அவன் சொல்லி நான் பிடிக்காமல் இருந்ததே கிடையாது. போய் இடது முனைப் பக்கம் நின்றேன். அந்த வெயிட்டை ஒற்றை ஆளாக மொத்தமாகத் தூக்க என்னால் ஆகாது, ஒரு முனையைத் தூக்கிக் கொக்கியில் சாய்த்துவிட்டு அப்புறம் சுற்றிப் போய் மறு முனையைத் தூக்க வேண்டும். இரண்டு கையாலும் இடது முனையைப் பிடித்தேன், உள்ளங்கை வியர்வையில் சந்தனம் பிசுபிசுத்தது, கொக்கியை மட்டும் பார்த்துக்கொண்டு தம் கட்டித் தூக்கினேன். என் பக்கம் எழும்பும்போதே மறு பக்கமும் சேர்ந்து எழும்பியது. சாயவே இல்லை. மட்டம் பார்த்த மாதிரி நேராக மேலே வந்து இரண்டு கொக்கியிலும் ஒரே சமயத்தில் டங்கென்று உட்கார்ந்தது.

நான் எப்படி வெளியில் வந்தேன், எப்படிப் பூட்டினேன் என்று தெரியாது. கீழே வந்து செங்கோடனுக்குப் போன் போட்டால் அடிக்கிறது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. சுமதிக்குப் போட்டேன்.

"கண்ணு, மாப்ள எங்க?"

"சோறுகூட உங்காம தோட்டத்துக்குப் போனாருங்கண்ணா. ஏனுங்க, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. இன்னைக்கு லீவு நாளு, தோட்டத்துல அவனுக்கு என்ன வேலை?"

"தெரியலீங்க. காத்தால மோட்டாரு, டிராக்டரு, அருவா, மம்மட்டி எல்லாத்துக்கும் நாந்தான் பொட்டு வெச்சேன். தீவன ரூம்புல ஒரு ராடு கெடக்குதில்லீங்க, அதுக்கு வெக்கப் போனா கையப் புடிச்சுக்கிட்டாரு. பூசை போட்டாத்தான இன்னைக்குத் தொடக்கூடாது, அதுக்குப் பூசையே வேண்டாம்னு சிரிக்கறாரு."

அந்த ராடு எனக்குத் தெரியும். ஜிம்முக்கு வந்த புதிதில் பழைய லாரி ஆக்சிலை வாங்கி, இரண்டு முனையிலும் பிரேக் டிரம் மாட்டி, ஆங்கிள் இரும்பில் கொக்கி வைத்த ஒரு ஸ்டாண்டும் பற்றவைத்து அவன் சொந்தமாகச் செய்தது. எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டிருப்பான் என்று நினைத்திருந்தேன். கோழி விற்றுப் பண்ணை காலியாகக் கிடந்தது, வேலைக்காரர்கள் எல்லாரும் பூசைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள், கூப்பிட்டால் கேட்க அங்கே ஒரு ஈ காக்கா கிடையாது. சுமதியிடம் எதுவும் சொல்லாமல் வண்டியை எடுத்தேன். ரோடு பூராவும் உடைத்த பூசணிக்காய், ஒரு திருப்பத்தில் சறுக்கி விழுந்து முழங்கை தோல் போனது, அதுகூட அப்புறம்தான் தெரிந்தது. கடவுளே கடவுளே என்று வாய் சொல்லிக்கொண்டே வந்தது. யாரைக் கூப்பிடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

தீவன ரூம் கதவு திறந்து கிடந்தது. செங்கோடன் மூட்டைமேல் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் குறுக்கே விரல் தடிமனுக்குச் சிவந்து கன்றிப்போன கோடு. ராடு, பிரேக் டிரம் எல்லாம் மாட்டினபடி, ஸ்டாண்டில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் கண்ணில் தண்ணீர் கொட்டியது. குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

"எங்க மச்சா போனீங்க, ரெண்டு பேரும்?"

"எந்த ரெண்டு பேரு?"

"ராட்டைத் தூக்கி வெச்சுட்டு அப்படியே போயிட்டீங்க. தண்ணி கொண்டாரப் போனீங்கன்னு நெனச்சுட்டு உக்காந்திருக்கறேன்."

நான் பைப்பில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். போட்டி, கணக்கு எல்லாம் மறந்து மாடு மாதிரி குடித்தான். அவனைத் தூக்கி நிறுத்தும்போதுதான் அந்த ராட்டைப் பார்த்தேன். துரு ஏறிய கறுப்பு இரும்பில் இரண்டு முனையிலும் மஞ்சளாகக் கை அச்சு, நடுவில் நடுவில் குங்குமச் சிவப்பு, இன்னும் சரியாகக் காயவில்லை. அப்புறம் என் கையைப் பார்த்தேன். அதிலும் அதே சந்தனம் இருந்தது. அந்த ராட்டை நான் தொடவில்லை, என் தங்கை பிள்ளைமேல் ஆணையாகத் தொடவில்லை.

ஆஸ்பத்திரியில் இன்னும் கொஞ்ச நேரம் அழுத்தியிருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டான் என்றார்கள். தண்ணீர் இல்லாத உடம்பு, மூச்சு முட்டினால் கண்ணுக்கு எதையெதையோ காட்டும், யாரோ வந்து தூக்கின மாதிரி இருக்கும் என்றும் டாக்டர் சொன்னார். சரி, இருக்கட்டும். சந்தனம் எங்கேயிருந்து வந்தது என்று அவரிடம் நான் கேட்கவில்லை, கேட்டால் எனக்கும் ஒரு கட்டில் போட்டிருப்பார். மாஸ்டரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். "வெளிய சொல்லாத ஒன்பதரை, அப்பறம் ஒருத்தனும் ஜிம்முக்கு வரமாட்டான்" என்றார்.

மறுநாள் தனியாகத் தோட்டத்துக்குப் போய் அந்த அச்சின்மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். இடது முனையில் இருந்தது என் கைதான், மோதிர விரல் பாதியில் நின்றிருந்தது. வலது முனையில் இருந்த இரண்டு கையும் யாருடையது என்று தெரியவில்லை. முழு விரல்கள், நீளமானவை. அதற்குள் என் கையை வைத்தால் அப்பா செருப்பில் குழந்தை கால் விட்ட மாதிரி இருந்தது. எங்கள் ஜிம்மில் அந்த அளவுக்குக் கை உள்ளவன் எவனும் கிடையாது. சுமதி பிடிவாதமாக நின்று அந்த ராட்டை அறுத்துப் பழைய இரும்புக்குப் போடச் செய்துவிட்டாள்.

செங்கோடன் அந்தப் போட்டிக்குப் போகவில்லை. பையன் பிறந்தான். காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தானே உட்கார வைப்பார்கள், அவன் என் மடியில் உட்கார்ந்து கத்தின கத்தில் மண்டபமே திரும்பிப் பார்த்தது, செங்கோடன் பக்கத்தில் நின்று அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான், எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. எல்லாரும் சாப்பிடப் போன பிறகுதான் செங்கோடன் அதுவரை ஒருத்தரிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னான்.

"மச்சா, அன்னைக்கு உன்ற மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுது. பயந்துபோயி கொக்கியவே பாத்துட்டு இருந்த. அந்தப் பக்கம் நின்னவரு மூஞ்சி தெரியல, பின்னால வெளிச்சம். ஆனா ஒண்ணு மட்டும் தெரியும். அவரு கொக்கியப் பாக்கல, என்னையும் பாக்கல. தூக்கி வெக்கற வரைக்கும் உன்னையேதான் பாத்துட்டு இருந்தாரு."

அன்றைக்கு ஜிம்மில் பார் மட்டமாக எழும்பியபோது நான் தலையை நிமிர்த்தி எதிர்முனையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று யோசிக்கக்கூட எனக்கு இஷ்டம் இல்லை. இப்போதும் ஜிம்மில் சப்போர்ட்டுக்கு நிற்கிறேன். எதிர்முனையில் நிற்கிறவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன், அவன் குரல் கொடுத்த பிறகுதான் பாரில் கை வைப்பேன்.